மொரிதூரி: ஒரு லத்தீன் எச்சம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: "மொரிதூரி தே சலூத்தன்ட்" என்பதில் மொரிதூரி என்ன வடிவம்?

பதில்: மொரியோர் (சாகிறேன்) என்ற வினையின் எதிர்கால எச்சம், ஆண்பால் பன்மை, எழுவாய். -ஊருஸ் என்று முடியும் எச்சம், செயலை இனிமேல் செய்யப்போகிறவரைக் குறிக்கும். இங்கே பின்னால் பெயர்ச்சொல் இல்லாததால் எச்சமே பெயராக நிற்கிறது. நம் இலக்கணத்தில் வினையாலணையும் பெயர். "சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்." வினைமுற்று படர்க்கை என்பதைக் கவனியுங்கள். "வணங்குகிறோம்" என்றால் சலூத்தாமுஸ் என்று இருக்கவேண்டும்.

கேள்வி: மொரியோர் செயப்பாட்டுவினைதானே?

பதில்: வடிவம் மட்டும் அப்படி. பொருள் செய்வினைதான்.

கேள்வி: "கார்த்தாகோ தேலேந்தா எஸ்த்" (கார்த்தாகோ நகரம் அழிக்கப்படவேண்டும்) என்பதில் வரும் தேலேந்தா கூட எதிர்கால எச்சமா?

பதில்: இல்லை. -ந்துஸ் வேறு, -ஊருஸ் வேறு; தயவுசெய்து கலக்காதீர்கள். தேலேந்தா என்றால் அழிக்கப்படவேண்டியது. கார்த்தாகோ பெண்பால், அதனால் -ந்தா.

கேள்வி: கிளாடியேட்டர்கள் (ரோமானிய அரங்கில் சண்டையிட்டவர்கள்) ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் இதைச் சொன்னார்களா?

பதில்: அதற்குச் சான்றே கிடையாது. இந்த வணக்கம் பதிவானது ஒரே ஒரு நிகழ்ச்சியில்: கி.பி. 52, இத்தாலியின் ஃபூகினுஸ் ஏரி. ஏரி நீரை வடிப்பதற்கு முன் ரோமானியப் பேரரசர் கிளாடியுஸ் அதில் ஒரு கடற்போர்க் காட்சி நடத்தினார். அதில் 19,000 பேர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடுஸ். அவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். வணக்கத்தை எழுதிவைத்த இன்னொரு ரோமானிய எழுத்தாளர் சுவேடோனியுஸ், கிளாடியுஸ் "அவ்ட் நோன்" (இல்லாமலும் போகலாம்) என்று பதில் சொன்னதாகவும் சொல்கிறார். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர்கள் போரிட மறுத்தார்கள். பேரரசரே எழுந்து, தள்ளாடும் நடையோடு கரையோரம் ஓடி, மிரட்டியும் ஊக்கப்படுத்தியும் சண்டையைத் தொடங்கவைத்தார். எச்சம் "சாகப்போகிறவர்கள்" என்று முடிவாகச் சொல்ல, அந்த இரண்டு சொற்கள் அதையே அசைத்துவிட்டன. எனக்கு இந்த வாக்கியம் பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: ஆனால் எல்லாப் படத்திலும் அரங்கத்தில்தானே சொல்கிறார்கள்?

பதில்: படம் சான்று ஆகாது. மூல நூலில் இருப்பது ஏரி.

கேள்வி: தினமும் சொல்லியிருப்பார்கள், யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதானே?

பதில்: எழுதாததை வைத்து வழக்கம் என்று எப்படி நிறுவுவது? சரி, இலக்கணத்துக்கு வருவோம்.

கேள்வி: அப்போ அஜெண்டாவும் எதிர்கால எச்சமா?

பதில்: -ந்துஸ் பற்றி மேலே சொன்னேன். செய்யப்படவேண்டியவை.

கேள்வி: இறந்தகால எச்சம் மோர்த்துவுஸ். பிறகு ஏன் மோர்த்தூருஸ் இல்லை?

பதில்: இது விதிக்கு அடங்காத வடிவம். மொரிதூருஸ் என்றே மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: பெண்பால்?

பதில்: ஒருமை மொரிதூரா, பன்மை மொரிதூரே. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனெயிட் காவியத்தில், நான்காம் காண்டத்தில், கார்த்தாகோ அரசி தீதோவுக்கு மொரிதூரா திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் 308ஆம் அடியைப் பாருங்கள்.