பழைய பேண்ட்சா: ப்ளக் மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் 10 அங்குல பேண்ட்சா ஒன்று மலிவாகக் கிடைத்தது. கையேடு இல்லை, பிளேடு எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைக்குப் பின்னால் வைத்து, சரக்கு அடுக்கும் பாலட்டின் பலகைகளை அறுத்து நவராத்திரிக்குக் கொலுப்படி செய்ய ஆசை. பாதுகாப்பாக எப்படித் தொடங்குவது?"

பேண்ட்சா என்பது மேலும் கீழுமுள்ள இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். முதல் நாள் முழுக்க ப்ளக் வெளியிலேயே இருக்கட்டும். பழைய மெஷினில் இருக்கும் ஆபத்தில் பெரும்பகுதி முன்னால் வைத்திருந்தவர் கவனிக்காமல் விட்டது, மோட்டார் ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மேல் கதவையும் கீழ்க் கதவையும் திறந்து, இருக்கும் பிளேடைக் கழற்றி, நீளத்தை அளந்துகொண்டு, தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்படியே பையில் போடாமல் சுருட்டி டேப் சுற்றிப் போடுங்கள், குப்பை அள்ளுபவர் கையைக் கிழித்துவிடும். வயது தெரியாத பிளேடில் கண்ணுக்கு எட்டாத விரிசல் இருக்கலாம், புது பிளேடின் விலையைப் பார்த்து அதை ஓட்டிப் பார்ப்பது சரியல்ல.

பிளேடு இல்லாதபோது சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் டயரை நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிளேடு ஒரு இடத்தில் நிற்காது, திடீரென்று கழன்றும் வரலாம்.

அடுத்தது மின்சாரம். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து யாரோ வீடு மாறி வரும்போது கொண்டுவந்த மெஷின் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருக்கும். அதை நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும், டிரான்ஸ்பார்மர் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாததால் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிச் சூடாகும். ஒயரில் வெடிப்பு இருந்தாலோ, மூன்றாவது பின்னின் எர்த் இணைப்பு மெஷினின் உடம்போடு சேராமல் இருந்தாலோ, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றாலோ உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே பிரிக்க வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். சுவிட்சையும் பாருங்கள்: ஓடும்போது சுவரில் அணைத்துத் திரும்பப் போட்டால் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் அந்த சுவிட்சை மாற்ற வேண்டும்.

இப்போது புது பிளேடு. மாட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், சுருள் பிரிகிற வேகத்தில் முகத்துக்கு வரும். பற்கள் முன்பக்கம் உங்களைப் பார்த்து, முனை மேசையை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். டென்ஷன் ஏற்றியதும், அதாவது பிளேடை இழுத்து இறுக்கியதும், மேல் கைடை (மேசைக்கு மேலே பிளேடை விலகாமல் தாங்கும் பகுதி) ஆறு அங்குலம் உயர்த்தி, பிளேடின் பக்கத்தை விரலால் அழுத்துங்கள், கால் அங்குலத்துக்கு மேல் வளையக் கூடாது. சக்கரத்தைக் கையால் பல சுற்று சுற்றி, பிளேடு டயரின் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கைடுகளைத் தொட வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து கைடு சரியில்லை என்று புலம்புகிறார்கள். பக்கக் கைடுகளுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு தாளின் கனம், கைடின் முன்விளிம்பு பல்லின் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால். பின்னாலுள்ள பேரிங் வெட்டாத நேரத்தில் பிளேடைத் தொடக் கூடாது. அப்புறம் கதவுகளைப் பூட்டிவிட்டு ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். டிக் டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், பிளேடில் விரிசலோ வெல்டில் கோளாறோ இருக்கும்.

அறுக்கும்போது கையுறையைக் கழற்றிவிடுங்கள், தொங்கும் துணி, கழுத்து மாலை எல்லாம் சட்டைக்குள் போகட்டும். பேண்ட்சா மரத்தைக் கீழே மேசை மீது அழுத்துமே தவிர வட்ட பிளேடு உள்ள டேபிள்சா மாதிரி திருப்பி எறியாது, அதனால்தான் ஆட்கள் அசட்டையாகிக் கையை பிளேடுக்கு நேரே வைக்கிறார்கள். மரம் பிளவுபட்டோ அறுப்பு சட்டென்று முடிந்தோ கை முன்னால் பாயும், அந்தப் பாதையில் விரல் இருக்கவே கூடாது. கடைசி இரண்டு மூன்று அங்குலத்தைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். மேல் கைடு மரத்துக்கு மேலே கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும். உருண்டைக் கட்டையை வி வடிவத் தாங்கி இல்லாமல் அறுக்காதீர்கள், பல் பிடித்ததும் உருண்டு கையையும் இழுத்துக்கொண்டு போகும். வளைவில் மாட்டிக்கொண்டால் பின்னுக்கு இழுக்காமல் அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வாஷிங் மெஷின் பக்கத்து ஈரத்தரை இதற்கு ஆகாது. உலர்ந்த அறையில், ரப்பர் பாய் போட்டு, ஸ்டாண்டோடு போல்ட் செய்து வையுங்கள். பொது நடைபாதையில் வேண்டாம். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது, ஆகவே வேக்யூமும் என்95 மாஸ்க்கும் கட்டாயம். பாலட்டில் எச்.டி. (HT) முத்திரை இருந்தால் சூடு மட்டும் காட்டியது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆணி மிச்சமிருக்கிறதா என்று காந்தத்தால் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பாருங்கள்.

கொலுப்படியைப் பற்றி ஒன்று: நீளமான படிப் பலகைகளை 10 அங்குல பேண்ட்சாவில் நேராக அறுப்பது பாடுதான், நீளத்தின் பாரம் மேசைக்கு வெளியே தொங்கிக் கையை இழுக்கும். அவற்றை மரக்கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிக்கொண்டு, பக்கத் தாங்கிகளையும் வளைவு அலங்காரத்தையும் வீட்டில் அறுங்கள். கால் அங்குல பிளேடு போட்டால் முக்கால் அங்குல ஆரம் வரை வளைவு சுகமாக வரும்.