பிறரோடு உங்களை ஒப்பிடும் பழக்கத்தைக் கிறிஸ்தவ விசுவாசத்தால் எப்படி வென்றீர்கள்?

வென்றுவிட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதன் பிடி எப்படித் தளர்ந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் 14 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன். சம்பளம் எனக்குப் போதுமானதாகவே இருந்தது. ஆனால் பல ஆண்டுகள் பிந்திச் சேர்ந்த ஒருவருக்கும் அதே தொகைதான் என்பது ஆசிரியர் ஓய்வறையில் காதில் விழுந்த நாள் முதல், ஒரு ரூபாயும் குறையாமலே அது போதாததாகிவிட்டது. அதன்பின் அவருடைய வண்டி, அவர் பிள்ளைகளின் மதிப்பெண் என ஒவ்வொன்றையும் என்னுடையதோடு வைத்து நிறுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆலயத்திலும் அது என்னை விடவில்லை. ஆண்டவர் புது வீடு கொடுத்தார் என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது வாய் ‘ஆமென்’ என்னும், மனமோ ‘எனக்கு ஏன் இல்லை’ என்னும். (வீட்டையும் வெளிநாட்டு வேலையையும் மட்டுமே ஆசீர்வாதமாக எண்ணிச் சொல்லும் சபை வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.) உன்னைவிடக் குறைவுள்ளவர்களை நினைத்து ஸ்தோத்திரம் பண்ணு என்று பெரியவர்கள் சொன்ன யோசனையும் உதவவில்லை, அதுவும் அதே தராசுதான்.

பலமுறை கேட்டிருந்த, வேதாகமத்தின் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையை அந்நாட்களில்தான் நிதானமாக வாசித்தேன். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நாளொன்றுக்கு ஒரு பணம் கூலிக்குச் சம்மதித்தவர்கள். பொழுது சாய ஒரு மணி நேரமே இருந்தபோது வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம் கொடுக்கப்பட்டதைக் கண்டு முறுமுறுத்தார்கள். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு வீடு போயிருப்பார்கள். எஜமானோ பிந்தினவர்கள் தொடங்கிக் கொடுக்கச் சொல்கிறான், வேண்டுமென்றே அவர்களைப் பார்க்க வைத்தான் என்றுதான் நான் வாசிக்கிறேன். “நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா” (வன்கண்ணன் என்றால் பொறாமைக்காரன்) என்ற அவனுடைய கேள்வி என்னை நேரே ஓய்வறை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

யோவான் 21-இல் சீஷனாகிய பேதுரு, தன் மரணத்தைக் குறித்து இயேசு சொல்லக் கேட்டவுடனே திரும்பி, இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷனைக் கண்டு, “இவன் காரியம் என்ன” என்கிறான். உன் பங்கு பெரியது, அவனுடையது சிறியது என்று ஆறுதல் சொல்லாமல், “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார்.

ஆகவே அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் அது வெறும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. எதற்காக ஜெபிப்பது என்று தெரியாததால் ஒருநாள் அவரிடமே கேட்டேன். தம் தந்தையின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனை இன்னும் அடைத்துவருவதாகச் சொன்னார். அதைக் கேட்ட கணத்தில் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. அன்றிரவு அவருக்காக ஜெபிக்குமுன், அந்த நிம்மதியைத்தான் நான் முதலில் அறிக்கையிட வேண்டியிருந்தது.