ஹெல்த் இன்ஷூரன்ஸில் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குப் பணம் கிடைக்குமா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த வரை இதுதான்: ஆபீஸ் பாலிசியில் அம்மாவையும் சேர்த்திருக்கிறீர்கள். அவருடைய சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாதம் மூவாயிரம் போகிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா, "இங்க கார்டைக் காட்டினா மருந்துக்கடையிலயே கழிச்சுக்கிறாங்க, அங்க ஏன் இல்ல?" என்று கேட்கிறார்.

கிடைக்காது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் கிடைக்கும், நடமாடிக்கொண்டிருக்கும் வரை கிடைக்காது. கேட்க அபசகுனமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, பாலிசிக்காரர்கள் எழுதி வைத்திருப்பது அப்படி.

நான் ஏஜென்ட் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை. 2023-ல் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது இந்த மருந்து பில் விஷயத்தில் நன்றாக அடிவாங்கினேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அக்கா சொன்னது. அங்கே மருந்து என்பது இன்ஷூரன்ஸின் ஒரு தனிப் பகுதி. எந்தெந்த மருந்துக்குப் பணம் தருவோம் என்று ஒவ்வொரு திட்டமும் ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதற்கு ஃபார்முலரி என்று பெயர். அதிலும் படிகள் உண்டு. பொதுவாக பிராண்ட் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்து கீழ்ப்படியில் இருக்கும், கையிலிருந்து கொடுப்பது கொஞ்சம்தான். விலை உயர்ந்த பிராண்ட் மேல்படிக்குப் போய்விடும். சிலவற்றுக்கு டாக்டர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் மெடிகேரிலேயே இந்த வெளி மருந்துத் திட்டம் 2006-ல்தான் வந்தது. அதனால் அக்காவின் கார்டு சும்மா கழித்துக்கொள்வதில்லை, அதற்கான பிரீமியத்தை அவரும் அவருடைய கம்பெனியும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பாலிசியில் அப்படி மருந்துப் பட்டியல் எதுவும் கிடையாது. இங்கே எல்லாவற்றுக்கும் அட்மிஷன்தான் சாவி. 24 மணி நேரம் படுக்கையில் இருந்திருக்க வேண்டும், அல்லது டே கேர், அதாவது ஒரே நாளில் முடித்து அனுப்புவது, என்று ஒத்துக்கொண்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். அப்படி அட்மிஷன் ஆகிவிட்டால் உள்ளே கொடுத்த மருந்து வரும், அதற்கு முன்பு சில நாட்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு சில நாட்கள் வெளியே வாங்கிய மருந்தும் வரும். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் இது முன்பு 30 நாள், பின்பு 60 நாள். வேறு பாலிசிகளில் 60, 90 என்றும் 60, 180 என்றும் இருக்கும். உங்கள் பாலிசியில் முதலில் இந்த இரண்டு எண்களைத் தேடுங்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த நேரத்தில் நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவே இல்லை.

ஸ்டென்ட் செலவு கேஷ்லெஸ்ஸில் போய்விட்டது, அதாவது ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ்காரர்களே நேரடியாகக் கட்டிவிட்டார்கள். கையுறை, முகக்கவசம் மாதிரிச் சில்லறை அயிட்டங்களை மட்டும் கையிலிருந்து கட்டினோம். இப்படிக் கழிக்கக்கூடியவை என்று 68 அயிட்டங்களின் பட்டியலே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகளில் இருந்தது, அதனால் கேஷ் கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. வீட்டுக்கு வந்தபின் ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ஏற்கெனவே இருந்த சுகருக்கு இரண்டு என்று பெரிய பட்டியல். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்கினோம். எல்லா பில்லையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, இரண்டு மாதம் கழித்துக் கூட்டினால் 14,870 ரூபாய். பெருமையாக அனுப்பினேன்.

வந்தது 5,715.

நான் கணக்குப் பார்க்கிறவன், அதனால் கழித்த காகிதத்தை விடிய விடிய வைத்துக்கொண்டு பார்த்தேன். சுகர் மாத்திரை 2,940 ரூபாய், "அட்மிஷனுக்குக் காரணமான நோயோடு சம்பந்தமில்லை" என்று கழித்திருந்தார்கள். 1,730 ரூபாய்க்கு பில்லே இல்லை. கடைக்காரர் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார், பேட்ச் நம்பரும் இல்லை, டாக்டர் பெயரும் இல்லை. புரோட்டீன் பவுடர், சுகர் டெஸ்ட் ஸ்டிரிப் எல்லாம் மருந்துக் கணக்கில் வராது என்று 1,860. கடைசியாக 1,990 ரூபாய்க்கு ஒரு பில், அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் பாலிசியில் 60 நாள்தான், இது டிஸ்சார்ஜிலிருந்து 62-ஆம் நாள் வாங்கியது. மாத்திரை 59-ஆம் நாளே தீர்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். மிச்சமிருந்த 6,350-ல் பெற்றோருக்கான கோ-பே, அதாவது நாம் ஏற்க வேண்டிய பங்கு, பத்து சதவீதம் 635. கணக்கு பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம்களைப் பார்க்கும் டி.பி.ஏ.வுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினார். "சார், டிஸ்சார்ஜ் சம்மரியில டயபடீஸ் இருக்கா பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்புங்க சார்." சம்மரியை எடுத்துப் பார்த்தால், நோய்களின் பட்டியலில் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. சுகரைக் கட்டுக்குள் வைத்திருப்பது இதய சிகிச்சையின் ஒரு பகுதி என்று கார்டியாலஜிஸ்ட் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் கோ-பே போக 2,646 ரூபாய் வந்து சேர்ந்தது. அவர்கள் கழித்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுதி, அவர்கள் மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மேலேயே இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எனக்கு அதுவரை போக வேண்டிய தேவை வரவில்லை.

அடுத்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். இந்த முறை டிஸ்சார்ஜ் அன்றைக்கே நாட்காட்டியில் 60-ஆம் நாளை வட்டம் போட்டேன். ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம் புதிய தேதியில் மருந்துச் சீட்டு கேட்டு வாங்கினேன், பழைய சீட்டுக்குப் புதிய பில் வைத்தால் கேள்வி வரும். கடையில் நோயாளி பெயர், டாக்டர் பெயர் இரண்டும் போட்ட கம்ப்யூட்டர் பில். கடைக்காரர் அண்ணன், "என்ன சார், மூணு மாத்திரைக்கு இவ்ளோ கெடுபிடியா?" என்று சிரித்தார். சோப்பு, ஹார்லிக்ஸ் எல்லாம் தனி பில். அந்த 60 நாள் முடிந்த பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் இருந்தது, நான்காம் நாளே அனுப்பிவிட்டேன். கோ-பே தவிர ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். வாய்வழியாக எடுக்கும் கீமோ மாத்திரை, கண்ணுக்குள் போடும் ஊசி, கேன்சர் போன்றவற்றுக்குப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி ஆகியவற்றை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்ன 12 சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் இவ்வளவு வரைதான் என்று பாலிசி உச்சவரம்பு வைக்கலாம். வீட்டில் கேன்சர் நோயாளி இருந்தால் அந்த வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, அட்மிஷன் இல்லாத செலவுக்கும் பணம் தரும் ஓ.பி.டி. ரைடரைப் பாலிசியோடு கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் விசாரித்தேன். எனக்கு வந்த கொட்டேஷனில் வருஷத்துக்குப் பத்தாயிரம் வரை தருவார்கள், அதற்குக் கூடுதல் பிரீமியம் ஏழாயிரத்துச் சொச்சம். அந்தப் பத்தாயிரத்திலும் டாக்டர் ஃபீஸ், டெஸ்ட் எல்லாம் அடக்கம், மருந்தை அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். நம் பணத்தையே நமக்குத் திருப்பிக் கொடுக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது போல இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

இதில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் கம்பெனியில் மெஷின் ஓட்டும் ஒரு தம்பிக்குச் சம்பளம் 19,000. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்குத் தொழிலாளர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான இ.எஸ்.ஐ. உண்டு, பிடித்தம் 0.75 சதவீதம்தான், அவருக்கு மாதம் 143 ரூபாய் போகிறது. கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. அவரை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து டிஸ்பென்சரியில் சுகர் மாத்திரை தருகிறார்கள், அட்மிஷனும் வேண்டாம், பில்லும் வேண்டாம், டி.பி.ஏ.வும் வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டும், சில நாள் ஒரு மருந்து இருக்காது, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அக்கா சொல்கிற "மருந்துக்கும் இன்ஷூரன்ஸ்" என்பது எங்கள் கம்பெனியில் இருப்பது அவருக்குத்தான், பளபள கார்டு வைத்திருக்கும் எனக்கு இல்லை. யாரும் இதை அவருக்குச் சொல்லவே இல்லை, அவர் இரண்டு வருஷம் கைக்காசு போட்டு வாங்கிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தம்பி, தங்கை யாராவது இருந்தால், அம்மா அவர்களை நம்பியிருக்கிறார் என்றால், கார்டில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் இன்ஷூரன்ஸை மறந்துவிட்டு மாத்திரையின் விலையைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். என் அம்மா சுகருக்கும் பிரஷருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வாங்குகிறார், காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டு நோய்க்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்பா கவர்ன்மென்ட் மாத்திரை வேண்டாம் என்று அடம். அவருக்கு ஜெனரிக் கடை. மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகள் முன்பே இருந்தன, 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசும் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. சீட்டில் டாக்டர் பிராண்ட் பெயரை எழுதியிருந்தால் அதற்குள் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், கடையில் போய் ஊகிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு மாதம் 3,100 ஆனது இப்போது 1,250-ல் நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அதை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கார்டியாலஜிஸ்ட் சொல்லிவிட்டார், பழைய தெருமுனைக் கடையிலேயே வாங்குகிறோம். அப்பா இப்போதும் அந்த பில்லை வாங்கி பிஸ்கட் டப்பாவில்தான் போடுகிறார்.