ஃபைல் எங்கே தூங்குகிறது? வேலைமுறை மாற்றம் பற்றிச் சில கேள்விகள்

பில் வந்ததிலிருந்து பணம் போய்ச் சேர 12 வேலைநாள் ஆகிறது. யாரும் சும்மா இருப்பதாகவும் தெரியவில்லை. ஆள் சேர்க்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அடுத்து வரும் 20 பில்களில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்திவிடுங்கள். மேஜைக்கு வந்த நேரம், கையில் எடுத்த நேரம், முடித்து அனுப்பிய நேரம், இந்த மூன்றை மட்டும் அவரவரே குறிக்கட்டும். நான் போயிருந்த ஒரு அலுவலகத்தில் இப்படிக் குறித்துக் கூட்டியபோது, ஒரு பில்லை ஆட்கள் தொட்ட நேரம் மொத்தம் 40 நிமிடம்கூட இல்லை. மிச்சமெல்லாம் தட்டில் கிடந்த நேரம். இரண்டாவது கையெழுத்துக்காரர் வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டுத் தள்ளுவார். திங்கட்கிழமை வந்த பில்லுக்கு அந்த ஒரு மேஜையிலேயே 4 நாள் போய்விடும். அவர் சோம்பேறி இல்லை; சொல்லப்போனால் அந்த மாடியிலேயே அதிகம் உழைத்தவர் அவர்தான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது: உள்ளே கிடக்கும் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்று வரும். 240 பில் கிடக்கிறது, நாளுக்கு 20 முடிகிறது என்றால் 12 நாள். கிடப்பதை 80ஆகக் குறைத்தால், அதே ஆட்களோடு 4 நாள். தேங்கியதை ஒரு தடவை கூடுதல் நேரம் உட்கார்ந்து முடித்துவிட்டு, அப்புறம் தினமும் கையெழுத்து, சின்னத் தொகைக்கு ஒரே ஒப்புதல், விவரம் குறைந்த பில்லை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் 25 வந்து 20தான் முடிகிறது என்றால் கதை வேறு. அங்கே ஆளைக் கூட்டவேண்டும், இல்லை வேலையைக் குறைக்கவேண்டும்.

எங்களிடம் ஒரு ஆர்டர் முடிய 10 படிகளைத் தாண்டவேண்டும். ஒவ்வொரு பிரிவும் 95 சதவீதம் சரியாகச் செய்வதாகக் கணக்குக் காட்டுகிறது. வாடிக்கையாளர் புகார் மட்டும் குறையவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. 0.95ஐ 10 முறை பெருக்கிப் பாருங்கள், 0.6க்குச் சற்றுக் கீழே வரும். 100 ஆர்டரில் 60 மட்டுமே எங்கும் திருத்தப்படாமல் கடைசிவரை போகிறது. மிச்ச 40ஐ வழியில் யாரோ சத்தமில்லாமல் சரிசெய்கிறார்கள், அவர்கள் கண்ணில் தப்பியது புகாராகத் திரும்பி வருகிறது. "முந்தைய படியிலிருந்து வந்ததில் எத்தனையை நீங்கள் திருத்தினீர்கள்?" என்று ஒவ்வொரு பிரிவையும் கேளுங்கள். இந்த எண் வழக்கமான அறிக்கையில் இருக்கவே இருக்காது.

தவறின் மூலகாரணம் தேட ஐந்து முறை 'ஏன்' கேட்டாலும் கடைசியில் 'கவனக்குறைவு' என்றுதான் முடிகிறது.

அப்படியென்றால் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆளின் பெயர் வந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி, அங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். கவனம் தவறினால் தவறு வெளியே போகும்படி வேலை ஏன் அமைந்திருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 1961இல் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் ஜப்பானில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். சின்ன சுவிட்சுக்குள் 2 ஸ்பிரிங் வைக்கவேண்டும், அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. முதலில் 2 ஸ்பிரிங்கை எடுத்து ஒரு தட்டில் வை, அப்புறம் கோர்க்க ஆரம்பி என்றார். முடித்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் ஃபாரத்துக்கு அந்தத் தட்டு எது என்று யோசியுங்கள்.

வாராவாரம் பிழை எண்ணிக்கை கூடினால் விளக்கம் கேட்கிறோம், குறைந்தால் பாராட்டுகிறோம். சரிதானே?

சரியில்லை. போன வாரம் 14, இந்த வாரம் 17 என்றால் பெரும்பாலும் ஒன்றுமே நடந்திருக்காது. எந்த வேலையிலும் இயல்பாகவே ஒரு ஆட்டம் உண்டு. அதையும் நிஜமான கோளாறையும் பிரித்துக் காட்டத்தான் அமெரிக்கர் வால்டர் ஷூவார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் போட்டார். 20, 25 வாரக் கணக்கை வைத்து மேல் எல்லை, கீழ் எல்லை போடுங்கள். எல்லை தாண்டிய புள்ளிக்கு மட்டும் விளக்கம் கேளுங்கள். எல்லைக்குள் இருந்தும் எண்ணிக்கை அதிகம் என்று பட்டால், மாற்றவேண்டியது வேலைமுறையை.

பிழையைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா சொல்லும் 10 லட்சத்துக்கு 3.4 பிழை என்ற இலக்கு அலுவலக வேலைக்கும் வேண்டுமா?

மாதம் 300 விண்ணப்பம் பார்க்கும் இடத்தில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. வரையறு, அளவிடு, ஆராய், மேம்படுத்து, நிலைநிறுத்து என்ற அதன் 5 படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறையை ஒட்டுப்போடுவதா, அடியோடு மாற்றுவதா?

அந்தப் படியே எதற்கு என்று கேட்டு யாராலும் பதில் சொல்ல முடியாவிட்டால் அடியோடுதான். 1980களில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பில் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள், ஜப்பானிய கார் நிறுவனமான மாஸ்டாவில் அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சிறிய நிறுவனம்தான், ஆனால் இந்த வித்தியாசத்துக்கு அந்தச் சமாதானம் போதாது. ஆர்டர், சரக்கு ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலேயே ஃபோர்டில் நேரம் போனது. கடைசியில் பில்லையே எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்து இறங்கியதும் ஆர்டரோடு ஒத்துப்போனால் பணம் கொடுத்துவிடலாம். அந்தப் பிரிவில் ஆள் தேவை சுமார் 75 சதவீதம் குறைந்தது. மூன்றையும் வேகமாக ஒப்பிட ஒரு மென்பொருள் வாங்கியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

மாற்றிய முறை 3 மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. பயிற்சி போதவில்லையோ?

மறுபடி பயிற்சி வைப்பதற்கு முன் டிராயர்களைத் திறந்து பாருங்கள். பழைய ஃபாரம் கட்டுக்கட்டாக அங்கேயே இருக்கும். அவசரத்தில் கை அங்கேதான் போகும்.