வாசகர் கேள்வி – பதில்: மாணவர் குழு ஆய்வை வழிநடத்துவது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். நாற்பது மாணவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஊர்க் குடிநீரில் உள்ள புளோரைடு பற்றி ஆய்வு செய்யச் சொல்கிறோம். குழுவில் ஓரிருவரே உழைக்கிறார்கள். அடிப்படைக் குறைகளோ இறுதி அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் தெரிகின்றன. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?
– ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். ஆசிரியரின் கருத்து, வேலை முடிந்த பிறகு வந்து சேர்கிறது. அறிக்கையின் ஓரத்தில் எழுதப்படும் குறிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதைக் கொண்டு ஆய்வைத் திருத்திக்கொள்ள அப்போது மாணவரிடம் நாள்கள் மிச்சமிருப்பதில்லை.

நீங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பையே பார்ப்போம். குடிநீரில் புளோரைடு அளவுக்கு மிஞ்சினால் பற்களில் பழுப்புக் கறை ஏற்படும். ஒரு குழு, ஊர்ப் பெரியவர்களின் பற்களில் உள்ள பழுப்புக் கறையைக் கணக்கெடுத்து, இன்றைய குழாய் நீரின் புளோரைடு அளவோடு ஒப்பிடத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் இந்த ஒப்பீடு நிற்காது. பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிடுவதால், நாற்பது வயதுக்காரரின் பல்லில் உள்ள கறை அவர் சிறுவயதில் குடித்த கிணற்று நீரைப் பற்றித்தான் சொல்லும். நேற்றுக் குடித்த நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதை முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டால் ஆய்வு உயிர் பெறும். புளோரைடு குறைந்த காவிரி நீரை உங்கள் பகுதிக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது; எனவே காவிரி நீர் தங்கள் ஊருக்கு வந்த பின் பிறந்த பிள்ளைகளையும் அதற்கு முன் பிறந்தவர்களையும் ஒப்பிடலாம் என்று மாணவர்களே கண்டுகொள்வார்கள். அதே அறிவுரை கடைசி வாரத்தில் வந்தால் அது வெறும் குறைகூறலாகவே அவர்களுக்குப் படும்.

ஆகவே, சந்திப்பை வாரம் ஒரு முறை, மாறாத நாளில் வையுங்கள். நால்வர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரித்தால், நாளொன்றுக்கு இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று ஐந்து நாள்களில் எல்லாக் குழுக்களையும் பார்த்துவிட முடியும். குழு சிறிதாக இருப்பது நேரத்துக்காக மட்டுமன்று. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான், கூட்டாகக் கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை சராசரியாகக் குறைவதை 1913-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுவே. அதைச் சோம்பல் என்று மட்டும் எண்ணி மாணவர்களைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். மாதிரி எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர், கிடைத்த அளவு எல்லாம் அன்றன்றே அதில் ஏறவேண்டும். சந்திப்பில் உங்கள் கருத்தை நீங்கள் எழுதாமல், கேட்டுக்கொண்ட மாணவரே தம் சொற்களில் எழுத, நீங்கள் கையொப்பம் இடுங்கள். அவர் புரிந்துகொண்டது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும். எழுதும் பொறுப்பும் நீர் சேகரிக்கும் பொறுப்பும் வாரந்தோறும் கைமாற வேண்டும். அடுத்த சந்திப்பு, சென்ற வாரக் குறிப்பில் எதைச் செய்தீர்கள் என்ற கேள்வியுடன் தொடங்கட்டும்; இந்தத் தொடர்ச்சி இல்லாத கருத்துரைக்கு மாணவரிடத்தில் மதிப்பு இருப்பதில்லை.

மாதிரி எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவை சில உண்டு. புளோரைடு சோதனைக்கான நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் அல்லாமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்க வேண்டும். ஒரே மாதிரியை இருமுறை சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதி உண்டு. கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை அறியாமல் பட்டியல் போடுவதில் பயனில்லை. பிள்ளைகளின் பற்களைப் பார்க்கப் பெற்றோரின் அனுமதி கட்டாயம். முகத்தைப் படம் எடுக்கவோ பெயரைக் குறிக்கவோ கூடாது. கறை படிந்த பல்லை மறைத்துச் சிரிக்கப் பழகிய பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மாம்பழத்தின் விலை குறித்து மாணவர்கள் குழுவாக ஆய்வு செய்கிறார்கள். வாராந்தரக் கருத்துரையோடு மதிப்பெண்ணும் கொடுத்தால் ஊக்கம் கூடாதா?
– விரிவுரையாளர், கிருஷ்ணகிரி

பதில்: வாரந்தோறும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண்ணைக் கண்டவுடன் கண் அதிலேயே நின்றுவிடுகிறது. மதிப்பெண்ணை இறுதியில் மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை அறிக்கைக்காகக் குழு முழுவதற்கும், மறுபகுதியைத் தனித்தனியாகவும் கொடுங்கள். தனி மதிப்பெண்ணுக்கு, தாம் போகாத மண்டியில் சக மாணவர் சேகரித்த விலை விவரத்தை ஒருவர் எடுத்து விளக்கச் சொன்னால் போதும். குழுவுக்குள் பேச்சு நடந்திருக்கிறதா என்பது தெளிவாகிவிடும்.