மழைக்காலத்தில் காவல் நாய்க்கு வரும் ஈஸ்ட் தோல் நோய்

கேள்வி: மியன்மாரில் பெகு பக்கத்தில் நெல் பயிரிடுகிறேன். களத்துக்குக் காவலாக இருக்கும் எங்கள் நாய், மழை பிடித்ததிலிருந்து ஓயாமல் சொறிகிறது. கழுத்தடியும் முன்னங்கால் இடுக்கும் பிசுபிசுத்துக் கறுத்துவிட்டன. புளித்த வாடை வீசுகிறது. ஈஸ்ட் பூஞ்சை என்கிறார்கள். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியும் அடங்கவில்லை. பழைய என்ஜின் ஆயிலைப் பூசலாமா? வேறு வீட்டு வைத்தியம் உண்டா?

பதில்: ஐயா, என்ஜின் ஆயில் ஒரு சொட்டும் நாயின் மேல் படக் கூடாது. அது தோலைப் பொசுக்குவதோடு, நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய் நஞ்சாகும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மலசீசியா என்னும் ஈஸ்ட்டுக்குப் பொருந்துகின்றன. நலமாக உள்ள நாயின் தோலிலும் காதிலும் கூட இது சிறிதளவு இருக்கும். மே முதல் அக்டோபர் வரை வயல் நீரில் இறங்கி ஏறும் நாய்க்கு மடிப்புகள் காய்வதே இல்லை என்பதால், தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு அது பெருகிவிடுகிறது. அந்த இடத்தில் மேலும் எண்ணெய் பூசினால் ஈரம் அடைபடுமே தவிர, நோய் தணியாது. தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து உட்பட எதையும் ஈரக் குழைவாக மடிப்பில் அப்பி வைக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, பசையை நீக்கி உலர்த்துவதே. நாய்க்கான ஷாம்பூவால் கழுவிய பிறகு, ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து, புண்ணில்லாத தோலில் மட்டும் துணியால் ஒற்றி, விரலிடுக்கு வரை பருத்தித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். தோல் வெடித்திருந்தால் வினிகர் கடுமையாக எரியும். செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும் என்பதால் காதுக்குள் எதையும் ஊற்ற வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு.

வினிகர் துணை மருந்துதான். குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் தலா 2 சதவீதம் உள்ள மருந்து ஷாம்பூவே நம்பத்தக்கது. வாரம் இருமுறை, மூன்று வாரம் குளிப்பாட்டுங்கள். நுரையைத் தேய்த்ததும் கழுவிவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் ஊறவிட்டு, அதுவரை நாய் நக்காதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தெள்ளுப்பூச்சிக் கடியோ, உணவு ஒவ்வாமையோ, தைராய்டு குறைவோ அடியில் இருந்தால், ஈஸ்ட் அடங்கி மீண்டும் தலைதூக்கும். ஆகவே தெள்ளுப்பூச்சியை முதலில் ஒழியுங்கள். கால்நடை மருத்துவர் ஒட்டும் நாடாவைத் தோலில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட்டைக் கண்டுகொள்வார். இரண்டு வாரத்தில் வாடையும் அரிப்பும் குறையாவிட்டாலோ, வட்ட வட்டமாக முடி உதிர்ந்தாலோ, வீட்டில் யாருக்கேனும் அரிப்புக் கண்டாலோ உடனே அவரிடம் கொண்டுபோங்கள். அது சொறிப்பூச்சியாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். அவை இரண்டும் மனிதருக்கும் தொற்றும்.