பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு ரீமேப் செய்யலாமா?

கேள்வி: 2012 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ வைத்திருக்கிறேன். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொல்லிமலை ஏறும்போது வளைவுக்கு வளைவு மூச்சுத் திணறுகிறது. இரண்டாவது கியரில் இழுவையே இல்லை. ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு டியூனிங் பாக்ஸ் கிடைக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்தும் ரீமேப்புக்கு 22,000 கேட்கிறார்கள். ஸ்பீடுயினோ என்று ஒன்றும் கண்ணில் பட்டது. 25,000க்குள் எது சரி?

பதில்: ஸ்பீடுயினோவை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஆர்டுயினோ போர்டை வைத்துச் செய்யும் அருமையான மலிவு இசியூதான் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஆனால் அது பெட்ரோல் எஞ்சினுக்கு. உங்களுடையது போல, ஒரே பொதுக் குழாயில் (ரெயில்) அழுத்தத்தில் டீசலை வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் காமன் ரெயில் டீசலுக்கு ஒத்துவராது.

பாக்ஸும் வேண்டாம். ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதைவிடக் குறைவான பிரஷரைச் சொல்வதுதான் அதன் வேலை. இசியூ அதை நம்பி பிரஷரைக் கூட்டும், டீசல் அதிகமாகப் போகும். அதை எரிக்கக் காற்று போதுமா என்பது பாக்ஸுக்குத் தெரியாது. கரும்புகையும் சூடும்தான் மிச்சம். இத்தனை கிலோமீட்டர் ஓடிய பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் இந்தச் சுமை தேவையா?

ரீமேப் கதை வேறு. எவ்வளவு டீசல், எப்போது, எவ்வளவு பூஸ்ட் (புகைக்காற்றால் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் அமுக்கும் காற்றின் அழுத்தம்), டார்க் (இழுவை விசை) எங்கே நிற்க வேண்டும், புகைக்கு எது எல்லை என்று இசியூவுக்குள் இருக்கும் டேபிள்களையே சேர்த்துத் திருத்துகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் உங்கள் 75 பிஎஸ் (குதிரைத்திறன்) 90க்குப் பக்கத்தில் வரும். ஆனால் உங்கள் குறை அதனால் முழுசாகத் தீராது.

ஏன் என்றால், ஃபியட் வடிவமைத்த இந்த 1.3 லிட்டர் எஞ்சினுக்கு 190 நியூட்டன் மீட்டர் டார்க் முழுதாகக் கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகி, இரண்டாவது கியரில் 1,400க்கு இறங்கினால் டர்போவைச் சுழற்றப் புகைக்காற்றே போதாது. அங்கே மென்பொருளில் டீசலைக் கூட்டினால் பின்னால் வருபவர் கண்ணாடி கறுக்கும், அவ்வளவுதான். இதே எஞ்சினின் 90 பிஎஸ் ரகம் எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் வந்தது. அது கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் முன்னதாகவே இழுக்கக் காரணம் இறக்கை கோணம் மாறும் விஜிடி டர்போ. உங்களுடையது நிலையான டர்போ. ‘லேக் (டர்போ எழும் தாமதம்) போயே போச்சு’ என்று சொல்பவர்களில் பலருக்கு மாறியிருப்பது ஆக்சிலரேட்டர் மிதியின் துடிப்பு மட்டுமே.

இன்னொன்று, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த 75 பிஎஸ்ஸே உங்களுக்கு இப்போது முழுதாகக் கிடைப்பதாகத் தெரியவில்லை. அதை மீட்பதுதான் முதல் செலவு. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றச் சொல்லிக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். வெளிப்பக்கம் கிளாம்ப் ஓரத்தில் கறுப்பாக ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருந்தால், பூஸ்ட் அங்கேதான் ஓடிப்போகிறது. அப்புறம் இன்டேக்கில் இருக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சார். அதன் முனையில் கரி பூசியிருக்கும். ஸ்ப்ரே கிளீனர் அடித்து உலரவிட்டால் போதும், உள்ளே குச்சியை விட்டுக் குடையாதீர்கள். புகைக்காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வையும் கழற்றிக் கரி எடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றுவதோடு, நான்கு இன்ஜெக்டரிலும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குழாயில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கூடுதலாக ஊற்றினால் ரீமேப்புக்கு வைத்த பணம் அந்த இன்ஜெக்டருக்குத்தான்.

கிளட்ச்சை நீங்களே சோதிக்கலாம். காலியான சமதள ரோட்டில் நான்காவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் மிதியை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் தாவி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த நிலையில் ரீமேப் செய்தால் கிளட்ச் தீய்ந்துபோவது நிச்சயம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் ரீமேப் செய்யுங்கள், தப்பில்லை. கொஞ்சமாக, 15 சதவீதம் அளவுக்கு ஏற்றினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் வண்டியின் ஒரிஜினல் இசியூ ஃபைலைப் படித்து, அதைத்தான் திருத்துகிறாரா, அல்லது கைவசம் இருக்கும் வேறு வண்டி ஃபைலை ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். ஒரிஜினலின் நகல் உங்கள் பென் டிரைவில் இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் பூஸ்ட், ரெயில் பிரஷர் அளவுகளின் பதிவை (லாக்) எடுத்துக் காட்ட மறுப்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். ‘இஜிஆரையும் ஆஃப் பண்ணிடலாம் சார்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புகைக் கட்டுப்பாட்டுக்கு வைத்ததை முடக்குவது சட்டப்படி தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் ரீமேப் கேள்வியாக வரலாம். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைக்கு மட்டும் என்றால், வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு இறக்கி 2,000க்கு மேல் வைத்து ஏறிப் பாருங்கள். 70 வளைவுக்கும் கை கொஞ்சம் வலிக்கும், செலவு கிடையாது.